“18,600 ரூபாய் எஸ்டிமேட்டுக்கு அப்பா ஏன் ஒரு கேள்விகூட கேட்கலை?” - கார் சர்வீஸ் செயின்களுக்குப் போகும் முன் இதைப் படிச்சிடுங்க!

என் அப்பா காய்கறிக் கடையில் ஒரு ரூபாயை விட மாட்டார். கரன்ட் பில் வந்தால் போன தடவை ரீடிங்கை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார். அப்படிப்பட்டவர், போன மாதம் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் 18,600 ரூபாய்க்கான எஸ்டிமேட்டில் வாயே திறக்காமல் கையெழுத்துப் போடப் போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அதுதான் பெரிய ஆச்சர்யம்.

எங்களிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய வேகன்-ஆர். வாங்கிய நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டது எங்கள் தெருமுனையில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் அண்ணன். அவர் சொந்த ஊருக்கே போய்விட்டதால், நாடு முழுக்கக் கிளைகள் வைத்திருக்கும் ஒரு சர்வீஸ் செயினின் ஆப்பில் புக் செய்தோம். “ஜெனரல் சர்வீஸ் 4,999 ரூபாய்” என்று போட்டிருந்தது. ஏசி அறை, காபி மெஷின், டிவி எல்லாம் இருந்தன. அரை மணி நேரத்தில் டேப்லெட்டும் கையுமாக சர்வீஸ் அட்வைஸர் வந்தார்.

“சார், ஃப்ரன்ட் பிரேக் பேட் போயிடுச்சு. த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், இன்ஜின் ஃப்ளஷ், ஏசி டிஸ்இன்ஃபெக்ட், கூலன்ட், வைப்பர், அலைன்மென்ட் எல்லாம் பண்ணிடலாம். மொத்தம் 18,600 வருது. இங்க சைன் பண்ணிடுங்க சார்.”

அப்பா விரலை நீட்டிவிட்டார். நான்தான், “பிரேக் பேடைக் கழற்றிப் பார்த்தீங்களா? நாங்களும் பார்க்கலாமா?” என்று கேட்டேன். “கஸ்டமர்ஸ் உள்ளே வர அனுமதி இல்லை மேடம். சேஃப்டி ரூல்ஸ்.” “இன்ஜெக்டர் கிளீனிங் எதுக்கு? வண்டி நல்லாத்தானே ஓடுது?” “பண்ணா இன்னும் ஸ்மூத்தா இருக்கும் மேடம்.”

ஒரு வேலையும் செய்யாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தோம். வழியில், “ஏம்ப்பா எதுவுமே கேட்கலை?” என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. “ஷெட்டுல நானும் குனிஞ்சு பார்ப்பேன்மா. அவன் காட்டுவான், நான் கேட்பேன். இங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வெச்சுட்டாங்க. எதைப் பார்த்துக் கேள்வி கேக்குறது?”

கார் சர்வீஸ் செயின்கள் பற்றி நான் விசாரிக்க ஆரம்பித்தது அந்த ஒரு வரியால்தான்.

போர்டு ஒன்று... முதலாளி வேறு!

இந்தியாவில் வாரன்ட்டி முடிந்த கார்களுக்கு நீண்டகாலமாக இரண்டே வழிகள்தான். ஒன்று, கார் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர். இன்னொன்று, தெருமுனை ஷெட். “கம்பெனி சர்வீஸின் ஒழுங்கும் வேண்டும், ஷெட்டின் கட்டணமும் வேண்டும்” என்பவர்களுக்காக வந்தவைதான் எல்லா பிராண்டு கார்களையும் பார்க்கும் செயின்கள். மாருதியின் தலைமைப் பொறுப்பில் இருந்து 2007-ல் ஓய்வுபெற்ற ஜெகதீஷ் கட்டார், ‘கார்னேஷன் ஆட்டோ’ என்று ஒரு செயினைத் தொடங்கினார். அது நிலைக்கவில்லை. மஹிந்திரா ஃபர்ஸ்ட் சாய்ஸ் சர்வீசஸை 2021-ல் டி.வி.எஸ் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் வாங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ‘மை டி.வி.எஸ்’, ஜெர்மனி நிறுவனமான பாஷின் ‘பாஷ் கார் சர்வீஸ்’ ஆகியவை இன்று பலருக்கும் தெரிந்த பெயர்கள்.

2016-ல் தொடங்கிய ‘கோமெக்கானிக்’, ஆப் மூலம் வேகமாக வளர்ந்தது. 2023 ஜனவரியில், நிறுவனத்தின் நிதிக் கணக்குகளில் தவறுகள் நடந்ததாக அதன் நிறுவனர்களில் ஒருவரே சமூக வலைதளத்தில் ஒப்புக்கொண்டார். சுமார் 70 சதவிகித ஊழியர்கள் வேலை இழந்தார்கள். பிறகு நிறுவனம் வேறு கைக்கு மாறியது.

இந்தத் தொழில் எவ்வளவு கஷ்டமானது என்பதற்கு இவையே சாட்சி. கார் சர்வீஸில் லாபம் குறைவு. நல்ல மெக்கானிக் கிடைப்பது அரிது. ஒவ்வோர் ஊரிலும் சொந்தமாகக் கிளை திறக்கப் பெரும் பணம் வேண்டும். அதனால் பல செயின்கள் ஃப்ரான்சைஸ் முறையில் இயங்குகின்றன. அதாவது, போர்டும் ஆப்பும் கம்பெனியுடையவை. இடம், லிஃப்ட், மெக்கானிக் எல்லாம் உள்ளூர் முதலாளியுடையவை. ஒரே செயினின் அண்ணா நகர் கிளை பிரமாதமாகவும், தாம்பரம் கிளை மோசமாகவும் இருக்க முடியும் என்பது இதனால்தான். ஆகவே, செயினின் பெயரை மட்டும் நம்பிப் போகாமல், நாம் போகப்போகும் அந்தக் கிளை எப்படி என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பதே சரி.

அட்வைஸர் தலைக்கு மேல் தொங்கும் டார்கெட்

சர்வீஸ் அட்வைஸராக இருக்கும் என் கல்லூரித் தோழனிடம் பேசினேன். “எங்களைத் திருடன் மாதிரி பார்க்காதே. ஒரு வண்டிக்கு இவ்வளவு பில் வரணும்னு மாச டார்கெட் இருக்கு. அதைத் தொட்டாத்தான் இன்சென்டிவ். அந்த ‘கிளீனிங்’ வேலைகள் எல்லாம் அதுக்குத்தான்” என்றான்.

இது நம் ஊரின் பிரச்னை மட்டுமல்ல. அமெரிக்காவின் புகழ்பெற்ற சியர்ஸ் நிறுவனம் நாடு முழுக்க கார் சர்வீஸ் சென்டர்களை நடத்தி வந்தது. கலிஃபோர்னியா மாநிலத்தின் வாகனப் பழுதுபார்ப்புக் கண்காணிப்புத் துறை, வாடிக்கையாளர்கள்போல் தன் ஆட்களை கார்களோடு அங்கே அனுப்பிச் சோதித்தது. தேவையே இல்லாத வேலைகளையும் பாகங்களையும் தலையில் கட்டுகிறார்கள் என்று 1992 ஜூனில் பகிரங்கமாகக் குற்றம்சாட்டியது. விற்பனையை வைத்து ஊழியர்களுக்குக் கமிஷனும் இலக்கும் கொடுத்த முறைதான் இதற்குக் காரணம் என்ற விமர்சனம் எழுந்தது. சியர்ஸின் தலைவர், தவறுகள் நடந்ததை ஒப்புக்கொண்டு, அட்வைஸர்களுக்கான அந்த ஊக்கத்தொகை முறையை நிறுத்துவதாக அறிவித்தார்.

30 வருடங்களுக்கும் மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் பாடம் அதேதான். எதிரில் உட்கார்ந்திருப்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருடைய சம்பளம் நம் பில்லைச் சார்ந்திருந்தால் போதும்.

உதிரிபாகத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

பில்லில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது உதிரிபாகங்கள். கம்பெனி பெயர் போட்ட பெட்டியில் வருவது ‘ஜெனுயின்’. பெரும்பாலான பாகங்களை கார் கம்பெனிகள் நேரடியாகத் தயாரிப்பதில்லை. வேறு நிறுவனங்களிடம் வாங்குகின்றன. அதே தயாரிப்பாளர் தன் சொந்தப் பெயரில் விற்கும் பாகம் பெரும்பாலும் விலை குறைவாகக் கிடைக்கும். மூன்றாவதாக, போலிகள். மூன்றில் எதைப் போடப்போகிறார்கள் என்பதை எஸ்டிமேட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சென்னையில் இருப்பவர்கள் ஜி.பி. ரோடு கடைகளில் ஒரு போன் போட்டு விலை கேட்டாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

உதிரிபாகங்கள் வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்காமல் போனதில் கார் கம்பெனிகளுக்கும் பங்குண்டு. இதை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகங்களும், பழுதைக் கண்டறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றது. வெளியில் சர்வீஸ் விட்டார் என்பதற்காகவே மொத்த வாரன்ட்டியையும் ரத்து செய்யக் கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டுமே வாரன்ட்டியை மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும், ‘பழுது பார்க்கும் உரிமை’ பற்றிய பேச்சு இங்கே சூடுபிடிக்க இந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய 7 விஷயங்கள்

1. காட்டுங்கள்: “போயிடுச்சு” என்றால், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே விட முடியாது என்றால், உங்கள் வண்டி நம்பர் தெரியும்படி வீடியோ கேளுங்கள். புது பிரேக் பேடின் தடிமன் பொதுவாக 10 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். 3 மில்லிமீட்டரை நெருங்கினால் மாற்றத்தான் வேண்டும். பிரேக்கில் கஞ்சத்தனம் கூடாது.

2. மேனுவலில் இருக்கிறதா?: காரோடு வந்த புத்தகத்தில் எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்ற அட்டவணை இருக்கும். அதில் இல்லாத ஃப்ளஷ், கிளீனிங் வேலைகளுக்கு, “இப்போ வண்டியில என்ன கோளாறு இருக்குன்னு இதைப் பண்ணணும்?” என்று கேளுங்கள்.

3. ‘இன்று, பிறகு, வேண்டாம்’: எஸ்டிமேட்டில் உள்ள வேலைகளை அட்வைஸரையே மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். நல்ல அட்வைஸர் தயங்காமல் செய்வார்.

4. கூடுதல் வேலைக்கு போன்: ‘என்னிடம் கேட்காமல் எஸ்டிமேட்டுக்கு மேல் எதுவும் செய்யக் கூடாது’ என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

5. பழைய பாகம்: மாற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள். டிக்கியில் போட்டுத் தரச் சொன்னால் போதும்.

6. எம்.ஆர்.பி: பாகம் வந்த பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். எம்.ஆர்.பி-யில் எல்லா வரிகளும் அடக்கம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி போட்டால் தவறு. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

7. போட்டோ: வண்டியைக் கொடுக்கும்போது ஓடோமீட்டர், பெட்ரோல் அளவு, நான்கு பக்கமும் போட்டோ. ஆப் மூலம் வீட்டுக்கே வந்து எடுத்துப் போனால் இது கட்டாயம்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் கிளை மேலாளர், பிறகு தலைமை அலுவலகத்துக்கு மெயில். போனில் பேசியது எதுவும் பின்னால் நிற்காது; எழுத்தில் இருப்பதுதான் நிற்கும். பதில் இல்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பல பிரச்னைகள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

அதற்கும் மசியவில்லையென்றால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிகமுறைதான். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. இதற்கு பில்லில் காலக்கெடு எதுவும் போடவில்லையென்றால், 30 நாள் கணக்கு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால், புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு வருடங்களுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். முக்கியமாக, செயினின் தலைமை அலுவலகம் டெல்லிப் பக்கம் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது.

அப்பா குனிந்து பார்த்தார்!

எங்கள் வேகன்-ஆர் கதையை முடிக்க வேண்டுமே. ஒரு வாரம் கழித்து, அதே செயினின் வேறொரு கிளைக்குப் போனோம். அதே போர்டு, அதே ஆப். அங்கே லாஞ்ச் சின்னது. காபி மெஷின் ரிப்பேர். ஆனால், வண்டி லிஃப்ட்டில் ஏறியதும் சூப்பர்வைஸர் வெளியே வந்து, “ஐயா, ஒரு நிமிஷம் வாங்க” என்று அப்பாவைக் கூப்பிட்டார். சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். “பேட் பாதிக்கு மேல இருக்கு பாருங்க. இப்போ மாத்த வேணாம், அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம். ஏசி ஃபில்டர் மட்டும் மோசமா இருக்கு.”

அப்பா குனிந்தார். ஒரு கேள்வி கேட்டார். அப்புறம் இன்னொன்று. ஷாக் அப்சார்பர் பற்றி, சைலன்ஸர் துரு பற்றி, டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்வது பற்றி... பத்து நிமிடம் போனது. அந்த மனிதர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். சர்வீஸ் 4,999, ஏசி ஃபில்டர் 450, அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் 850. மொத்தம் 6,299 ரூபாய். பழைய ஃபில்டர் டிக்கியில் ஒரு கவரில் இருந்தது.

நம் அப்பா, அம்மாக்களில் பலர் ஏசி அறையையும் இங்கிலீஷ் வார்த்தைகளையும் பார்த்ததும் அமைதியாகிவிடுகிறார்கள். அவர்களுக்குக் கேட்கத் தெரியாது என்று அர்த்தமில்லை. கேட்கலாமா என்ற தயக்கம்தான். அடுத்த முறை அவர்கள் வண்டியை சர்வீஸுக்கு விடும்போது, ஒரு மணி நேரம் கூடப் போய் உட்காருங்கள். முதல் கேள்வியை மட்டும் நீங்கள் கேளுங்கள். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் சொன்னது இதுதான்: “நல்ல இடம். காட்டிட்டுத்தான் காசு கேக்குறாங்க.”