அறுபத்து மூன்று வயதில் ஐந்து இசைத்தட்டுகள்

எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’ பணமுடையில் பிறந்த ஐந்து இசைத்தட்டுத் தொகுப்பு. இப்படிச் சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு முகம் சுருங்கும். எம்.எஸ். பாடியதையும் பணத்தையும் ஒரே வாக்கியத்தில் வைக்கலாமா என்பார்கள். தாராளமாக வைக்கலாம். அது தெரிந்தால் அந்தப் பாட்டின் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

எண்பதுகளில் கும்பகோணம் பெரிய கடைத் தெருவை ஒட்டிய சந்தில் பாட்டு பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். எல்.பி. தட்டிலிருந்து கேசட்டுக்கு. சீட்டில் ‘எம்.எஸ்.’ என்று எழுதிக்கொண்டு வருபவர்களுக்குப் பெரும்பாலும் சுப்ரபாதம்தான் வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் “தம்பி, அந்த அஞ்சு பிளேட்டு செட்டு இருக்கா?” என்பார்கள். 90 நிமிட கேசட் ஒன்றில் இரண்டு எல்.பி. அடங்கும். ஐந்தையும் முடிக்க மூன்று கேசட். பதியும்போது பக்கம் திருப்புகிறவன் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்து கேட்டுக் கேட்டு ஊறியதுதான் என் சங்கீத ஞானம்.

எம்.எஸ்.ஸும் அவர் கணவர் சதாசிவமும் கச்சேரி வருமானத்தையும் ரெக்கார்டு ராயல்டியையும் தர்ம காரியங்களுக்கு எழுதிக் கொடுத்தவர்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் கையில் இருந்தது கரைந்துவிட்டது. கீழ்ப்பாக்கத்தில் ராஜாஜியும் கல்கியும் வந்துபோன ‘கல்கி கார்டன்ஸ்’ பங்களாவே கைமாறியது. அப்போது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரியாக இருந்தவர் பி.வி.ஆர்.கே. பிரசாத். உதவி என்று நீட்டினால் வாங்கிக்கொள்கிற தம்பதி இல்லை அவர்கள். அதனால் தேவஸ்தானம் வேலையாகவே கொடுத்தது: அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளை மையமாக வைத்து ஐந்து எல்.பி. பாடித் தர வேண்டும். அப்போது எம்.எஸ்.ஸுக்கு வயது அறுபத்து மூன்றை ஒட்டி. அந்த வயதில் புதுப் பாடம், அதுவும் தெலுங்கில்.

தஞ்சாவூர்ச் சீமைக்குத் தெலுங்குப் பாட்டு அந்நியமில்லை. தியாகராஜர் திருவையாற்றில் இருந்தவர். மெலட்டூரில் இன்றும் பாகவத மேளம் தெலுங்கில்தான் நடக்கிறது. ஆனால் அன்னமாச்சாரியார் கதை வேறு. தியாகராஜருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவர், 1408இல் கடப்பைப் பக்கம் தாள்ளபாக்கத்தில் பிறந்தவர். முப்பத்திரண்டாயிரம் பாட்டு பாடினார் என்பது ஐதீகம். செப்பேடுகளில் வெட்டித் திருமலைக் கோயிலின் கல்லாலான அறை ஒன்றில் வைத்திருந்த அவர் பாட்டுகள் இருபதாம் நூற்றாண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. ஏட்டில் ராகத்தின் பெயர் இருந்தது, ஸ்வரம் இல்லை. எப்படிப் பாடினார் என்பது போயே போய்விட்டது. ஆகவே பழைய சொல்லுக்குப் புது மெட்டு. ‘நானாட்டி பதுகு’ பாட்டுக்கு நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி ரேவதி ராகத்தில் மெட்டமைத்தார். ஐந்தே ஸ்வரம் உள்ள ராகம், கேட்டால் வேதம் ஓதுகிற சாயல் இருக்கும்.

அதை எம்.எஸ். பாடியிருக்கிற விதத்தைக் கவனியுங்கள். ‘மீரா’ படக் காலத்துக் குரல் மேல் ஸ்தாயியில் போய்ச் சுழன்று வரும். இதில் அந்த ஆட்டம் கிடையாது. குரல் நடுவிலேயே நிற்கிறது, சொல் ஒன்றுகூட உடையவில்லை. பத்து வயதில் மூன்று நிமிடத் தட்டில் பாட ஆரம்பித்தவர். அதற்குப் பிறகு மூன்று மணி நேரக் கச்சேரிகள் எத்தனையோ. இங்கே நிரவல் கிடையாது, கல்பனாஸ்வரம் கிடையாது, எதிரே தலையாட்ட ஆளும் கிடையாது. சில நிமிடங்களுக்குள் சொல்லி முடிக்க வேண்டும். பக்கத்தில் மகள் ராதா கூடப் பாடுகிறார். வயதான குரல் என்று இதை ஒதுக்குகிறவர்கள் ஸ்தாயியை எண்ணுகிறார்கள், பாட்டைக் கேட்பதில்லை என்பது என் கட்சி.

இதேபோல் அமெரிக்காவில் ஒன்று உண்டு. எட்டா ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பாடகி, சிறுமியாகத் தேவாலயத்தில் பாடத் தொடங்கி ‘சோல்’ இசையில் பெரிய பெயர் எடுத்தவர். தேவாலயப் பாட்டின் உருக்கத்தைக் காதலுக்கும் வாழ்க்கைக்கும் கொண்டுவந்தால் அது சோல். அதற்கு முந்திய தலைமுறைப் பாட்டு ‘ப்ளூஸ்’: மிசிசிப்பி ஆற்றோரப் பருத்திக் காடுகளில் கூலிக்கு உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு. ஒரு வரி, அதே வரி மறுபடி, மூன்றாவது வரியில் அதற்குப் பதில். எங்கள் தஞ்சாவூர்ச் சீமையைப் போலவே அந்தப் பிரதேசத்துக்கும் டெல்டா என்றுதான் பெயர். அங்கே பருத்தி, இங்கே நெல். 2004இல், அறுபத்தாறு வயதில், மடி வாட்டர்ஸ், ஹவ்லிங் வுல்ஃப் போன்ற ஆண்கள் பாடிப் புகழ்பெற்ற பாட்டுகளை எடுத்து எட்டா ஜேம்ஸ் ‘ப்ளூஸ் டு தி போன்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் அவர் பிள்ளைகள். அடுத்த ஆண்டு அதற்குக் கிராமி விருது. அவரும் தன் பழைய வித்தைகளைக் காட்ட மெனக்கெடவில்லை. குரல் கரகரத்தால் கரகரக்கட்டும் என்று விட்டிருக்கிறார். பேரப்பிள்ளை எடுத்த வயதில் பாட்டி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தால் யாரிடம் பவிசு காட்டுவது?

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காலத்தை மாமாங்கத்தால் அளக்கிற பழக்கம் உண்டு. 1933 மாமாங்கத்தில் பதினாறு வயதுப் பெண்ணாக எம்.எஸ். இங்கே பாடினார், அந்தக் கூட்டம் அவர் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 1945 மாமாங்க வருஷத்தில் ‘மீரா’. 1968இல் சங்கீத கலாநிதி. இந்த ஐந்து தட்டுகள் வெளிவந்த 1980உம் மாமாங்க வருஷம்தான். அவர் காலமான 2004உம் அப்படியே. இதில் ஜோசியம் எதுவும் இல்லை, கும்பகோணத்தான் புத்தி அப்படித்தான் கணக்குப் போடும். அவருடைய முதல் படம் ‘சேவாசதன’த்தை இயக்கிய கே. சுப்ரமணியமும் கும்பகோணத்தில் வக்கீலாக இருந்தவர் என்பதைச் சொல்லாவிட்டால் ஊரில் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

இப்போது ஐந்து தட்டும் கைபேசியிலேயே கிடைக்கிறது. காலையில் காபி போடும்போது பின்னணியில் ஓடவிடுவதற்குச் சுப்ரபாதம் இருக்கிறது. இதற்குத் தனியாக அரை மணி ஒதுக்கி, ‘நானாட்டி பதுகு’ பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். தெலுங்கு தெரியாவிட்டால் அர்த்தத்தை முதலில் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் கேளுங்கள்.