பூச்சி மருந்தும் வலிப்பு ஆராய்ச்சியும்

ஜப்பானின் தென்கடல்களில் டைஜீனியா என்றொரு சிவப்புப் பாசி வளர்கிறது. அங்குள்ளவர்கள் அதை 'கைனின்ஸோ' என்பார்கள். வயிற்றுப் பூச்சிக்கு அதைக் காய்ச்சிக் குடிப்பது பழைய வழக்கம். 1953-இல் டாகேமோட்டோ என்ற வேதியியலாளரும் அவருடைய சகாக்களும் பூச்சியைக் கொல்லும் பொருளை அந்தப் பாசியிலிருந்து பிரித்தெடுத்து, கைனிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். போர் முடிந்த ஜப்பானில் குழந்தைகளின் குடலில் நாக்குப்பூச்சி மலிந்திருந்த காலம். மருந்துக்கு வேலை இருந்தது. இன்று அதே வெள்ளைத் தூளை அதிகம் தேடுபவர்கள் மூளை ஆராய்ச்சியாளர்கள். எலியின் உடலில் இதைச் செலுத்தி வலிப்பை வரவழைக்கிறார்கள். நன்றாக இருக்கும் எலிக்கு நஞ்சைக் கொடுத்துவிட்டு மனிதனின் நோயைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள முடியும், அந்த ஒன்றுக்கு இதைவிட நல்ல கருவிகள் மிகக் குறைவு என்பதே என் பதில்.

முதலில் இந்த அமிலம் மூளையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டப் பயன்படுத்தும் முக்கியப் பொருள் குளூட்டமேட். அஜினோமோட்டோ என்று கடையில் விற்கிறதே, அதன் சரக்கும் இதுதான். (1908-இல் வேதியியலாளர் இகேடா அதைக் கண்டெடுத்ததும் ஜப்பானியக் கடற்பாசியிலிருந்துதான். சாப்பாட்டில் போடும் அஜினோமோட்டோ எளிதில் மூளைக்குள் போய்விடாது. அந்தப் பயம் வேண்டாம்.) குளூட்டமேட் மூலக்கூறு எப்படி வேண்டுமானாலும் வளையக்கூடியது. கைனிக் அமிலத்துக்குள்ளும் அதே சட்டகம் இருக்கிறது, ஆனால் ஐந்து அணு வளையம் ஒன்று அதை ஒரே நிலையில் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதனால் நரம்பணுவில் குளூட்டமேட் வந்து ஒட்டும் இடங்களான பல ஏற்பிகளில் சிலவற்றோடு மட்டும் அது பலமாக ஒட்டிக்கொள்கிறது. அந்த ஏற்பிகளுக்கே 'கைனேட் ஏற்பிகள்' என்று இதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். குளூட்டமேட்டை அணுக்கள் உடனுக்குடன் உறிஞ்சி அப்புறப்படுத்திவிடும். கைனிக் அமிலத்தை அப்படி அகற்றுவது கடினம். ஓயாமல் தூண்டப்படும் அணு, கால்சியம் உள்ளே பாய்ந்து செத்துப்போகிறது. இந்த ஏற்பிகள் நெருக்கமாக உள்ள இடங்களில் ஒன்று, நினைவுகள் பதியும் ஹிப்போகாம்பஸ். அடி அங்கேதான் பலமாக விழுகிறது.

ஊசி போட்ட எலி முதலில் ஒரே இடத்தை வெறித்துப் பார்த்தபடி நிற்கும். பிறகு, நனைந்த நாயைப் போல உடம்பை உதறும். முன்னங்கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும். பின்னங்காலில் எழுந்து நின்று சாயும். ஒரு கட்டத்துக்குமேல் டயஸிபாம் கொடுத்து நிறுத்துகிறார்கள். ஆராய்ச்சிக்கு முக்கியமானது இதற்குப் பின்னால் வருவது. எலி தேறிவிடும், நாட்கள், வாரங்கள் கழியும், நஞ்சு உடலில் மிச்சமிருக்காது. அப்புறம் ஒரு நாள், யாரும் எதுவும் செய்யாமலே, அதற்குத் தானாக வலிப்பு வரும், தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். அந்த அமைதியான இடைவெளியில் ஆரோக்கியமான மூளை வலிப்பு மூளையாக மாறுகிறது. 1970-களின் கடைசியில் பிரான்ஸில் பென்-ஆரியின் குழு இந்த வழியை விரிவாக ஆராய்ந்தது. மனிதர்களில், பொட்டை ஒட்டிய மூளை மடலில் தொடங்கும் வலிப்பு நோயை இது பெரிதும் ஒத்திருந்தது.

எலியும் மனிதனும் ஒன்றா என்ற சந்தேகத்துக்கு, யாரும் விரும்பாத வகையில் ஒரு சோதனை நடந்துவிட்டது. 1987-இன் கடைசியில் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்த்த சிப்பிகளைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு வாந்தி, குழப்பம், சிலருக்கு வலிப்பு. பிழைத்தவர்களில் சிலருக்குப் புதிய நினைவுகள் பதியவே இல்லை. சிப்பிகள் தின்ற நுண்பாசியில் இருந்த டோமோயிக் அமிலமே காரணம். கைனிக் அமிலத்தின் நெருங்கிய உறவு அது. ஒட்டுவதும் அதே ஏற்பிகளில்தான். இறந்தவர்களில் நால்வரின் மூளையைப் பரிசோதித்தபோது, எலிகளில் பார்த்தபடியே ஹிப்போகாம்பஸ் அழிந்திருந்தது. பிழைத்த 84 வயது முதியவர் ஒருவருக்கு வலிப்பு நின்றது, சுமார் ஓராண்டு கழித்துப் பொட்டுமடல் வலிப்பாகத் திரும்பி வந்தது. எலியிடம் வாரக்கணக்கில் இருந்த இடைவெளி அவரிடம் மாதக்கணக்கில் நீண்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, வலிப்போடு வருகிறவர்கள் எல்லாம் நஞ்சுச் சிப்பியா தின்றார்கள்? இல்லை. தலைக்காயம், மூளைக் காய்ச்சல், பக்கவாதம், நம் நாட்டில் நாடாப்புழுவின் கட்டி என்று காரணங்கள் வேறு. இந்த எதிர்வாதத்தை நான் பாதி ஏற்கிறேன். காயம் எப்படி ஏற்படுகிறது என்பதற்குக் கைனிக் அமிலம் சாட்சி ஆகாது. ஏற்பட்ட காயம் எப்படி நோயாக முற்றுகிறது என்பதற்கு ஆகும். இன்னொரு வாதம் இதைவிடக் கூர்மையானது: இவ்வளவு எலிகளைப் பலிகொடுத்து என்ன மருந்து வந்தது? எப்டாயின் என்ற பெயரில் இங்கே கிடைக்கும் ஃபெனிட்டாயினைக் காட்டிக்கொடுத்தது 1930-களில் பூனைகளுக்கு மின்சாரம் கொடுத்துச் செய்த எளிய சோதனை. உண்மைதான். ஆனால் அப்படி வந்த மருந்துகள் வலிப்பை அடக்குகின்றனவே தவிர நோய் உருவாவதைத் தடுப்பதில்லை. நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அடக்குவதும் இல்லை. தடுக்கும் மருந்தைத் தேட வேண்டுமானால் அந்த இடைவெளியில்தான் தேட வேண்டும். நிரூபணமான தடுப்பு மருந்து இன்னும் கிடைக்கவில்லை. அதற்காகத் தேடும் இடத்தையே மூடிவிடுவது சரியான கணக்கு அல்ல.

எலியின் வேதனையை மட்டும் இந்தக் கணக்கில் கழித்துவிட முடியாது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், இந்தியாவில் இப்படிப்பட்ட சோதனைகளுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அறுவையில் அகற்றிய மனித மூளைத் திசுவிலும் தண்டு உயிரணுக்களிலிருந்து வளர்த்த நரம்பணுக்களிலும் பல சோதனைகளை இப்போது செய்ய முடிகிறது. ஓர் ஏற்பியில் ஒரு மருந்து ஒட்டுகிறதா என்று பார்க்க எலியே வேண்டாம். அதற்கும் எலியைக் கேட்பவருக்கு அனுமதி மறுப்பதே முறை. வலிப்பு வந்து, அடங்கி, வாரங்கள் கழித்துத் தானாகத் திரும்பும் முழுப் போக்கைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துக் காட்ட இன்னும் வழி இல்லை. கைனிக் அமிலத்தைக் கேட்டு வரும் விண்ணப்பம் அந்த இடைவெளியைப் பற்றியதா இல்லையா என்பதைத்தான் குழு முதலில் பார்க்க வேண்டும்.