உங்களுக்குத் தெரியுமா? மூச்சடக்கும் நெல்!

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம். அதைச் சுற்றியுள்ள அந்தநல்லூர், லால்குடி வட்டாரங்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா இளம்பயிர் முழுசாக மூழ்கிப்போவதுண்டு. நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. பயிரின் ஒவ்வொரு செல்லும் மூச்சுத் திணறும்.

ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து செல் ஏறக்குறைய 30 ஏடிபி ஆற்றல் மூலக்கூறுகளை எடுக்கும். இல்லாவிட்டால் நொதித்தலுக்கு மாறும். கிடைப்பது 2 மட்டுமே. சேமித்த மாவுச்சத்து மளமளவெனக் கரையும். பல ரகங்கள் நீருக்கு மேலே தலைநீட்ட வேகமாக வளர்ந்து, மிச்சச் சேமிப்பையும் செலவழித்துவிடுகின்றன. நீர் வடிந்ததும் துவண்டு சாய்கின்றன.

ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ நெல்லின் வழி வேறு. அதிலுள்ள சப்1ஏ மரபணு வளர்ச்சியை அடக்கி, சர்க்கரையைக் காக்கிறது. இரு வாரம் மூழ்கினாலும் பயிர் மறுபடி துளிர்க்கும்!

2006இல் கலிஃபோர்னியா, பிலிப்பைன்ஸ் விஞ்ஞானிகள் இம்மரபணுவை அடையாளம் கண்டார்கள். டெல்டா உழவர்களுக்குப் பழகிய சிஆர்1009 ரகத்தில் அதைச் சேர்த்து உருவானதுதான் சிஆர்1009 சப்1. இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. இனக்கலப்பில் பிறந்த நெல்.