பட்டா உங்களுடையது... அடியில் இருக்கும் தண்ணீர்?

தெருவில் போர்வெல் லாரி வந்து நின்றால் அக்கம்பக்கத்தில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை அடி போடுறாங்க?" என்பதுதான். அதில் அக்கறையைவிடப் பயமே அதிகம். அங்கே 600 அடி இறங்கிவிட்டால், 200 அடியில் ஓடும் பக்கத்து வீட்டு மோட்டார் அடுத்த கோடையில் வெறும் காற்றை இழுக்கலாம். அப்புறம் அவரும் அதே லாரியைக் கூப்பிட வேண்டியதுதான். இந்த முறை 800 அடி!

இதில் தப்பு யார் மேல்? சட்டத்தைக் கேட்டால், யார் மேலும் இல்லை என்றே பதில் வரும். 1882-ல் வந்த ஈஸ்மென்ட் சட்டத்தின்படி, நிலத்துக்கு அடியில் ஊறிக் கிடக்கும் நீரை எடுத்துக்கொள்ள நிலத்தின் சொந்தக்காரருக்கு உரிமை உண்டு. இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே ஒருவர் நிலக்கரிச் சுரங்கம் தோண்ட, அருகிலிருந்த பஞ்சாலையின் கிணறு வற்றிப்போனது. வழக்கு நடந்தது. நஷ்டஈடு கிடையாது என்று 1843-ல் தீர்ப்பானது. பூமிக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

கமலை கட்டி இறைத்த காலத்தில் இந்தச் சட்டத்தால் பெரிய கெடுதல் இல்லை. மாடு களைத்தால் இறைப்பும் நிற்கும். சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் களைப்பே கிடையாது. தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென்று 2003-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கு வராமலே 2013-ல் ரத்தானது.

சட்டம் செய்யாததை ஒரு கிராமம் தனக்குத்தானே செய்துகொண்டது. மகாராஷ்டிராவின் அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்தில் இருக்கிறது ஹிவ்ரே பஜார். மழை குறைந்த பூமி. அடிக்கடி வறட்சி, பிழைப்புத் தேடி வெளியூர், ஊரில் மிஞ்சியவர்களுக்குச் சாராயம் என்று கிடந்த ஊர். 1989-ல் போபட்ராவ் பவார் என்ற பட்டதாரி இளைஞர் ஊராட்சித் தலைவரானார். ஊரே சேர்ந்து உடலுழைப்பைத் தந்து மலைச்சரிவில் வரப்பு வெட்டியது, தடுப்பணை கட்டியது, மரம் நட்டது.

இதை வேறு சில ஊர்களும் செய்திருக்கின்றன. ஹிவ்ரே பஜாரின் கெட்டிக்காரத்தனம் அதற்கு அடுத்த கட்டத்தில்தான். தண்ணீர் ஏறியதும் ஆளுக்கொரு போர்வெல் போட்டிருந்தால் பட்ட பாடெல்லாம் வீண். விவசாயத்துக்குப் போர்வெல் கூடாது, திறந்த கிணறு மட்டும்தான் என்று ஊர் முடிவெடுத்தது. கரும்பும் வாழையும் வேண்டாம் என்றது. ஒவ்வொரு ஆண்டும் மழை முடிந்ததும் பெய்த மழையையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் கணக்குப் பார்க்கிறார்கள். குடிநீருக்கும் கால்நடைக்கும் ஒதுக்கிய பிறகே பயிர். மழை குறைந்த ஆண்டில், தண்ணீர் அதிகம் கேட்கும் பயிரைத் தள்ளிவைக்க வேண்டும்.

தன் சொந்த நிலத்தில், சொந்தப் பணத்தில், சட்டப்படி போடக்கூடிய போர்வெல்லை ஒருவர் போடாமல் இருப்பது லேசான விஷயமில்லை. பக்கத்து வயல்காரரும் போடமாட்டார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அது நடக்கும். பவாருக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதில் ஊரில் அத்தனை பேருக்கும் பங்கு உண்டு.

நகரத்தில் கிராமசபை கூட்டி இப்படி முடிவெடுப்பது கஷ்டம். ஆனாலும் தமிழ்நாட்டு வீடுகளுக்கு ஒரு கடமை ஏற்கெனவே இருக்கிறது. 2003-லிருந்து எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அன்று போட்ட குழாயும் குழியும் பல வீடுகளில் இன்றும் இருக்கின்றன, தூர்ந்துபோய். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தபோதுதான் பலருக்கு அந்தக் குழியின் ஞாபகமே வந்தது.

ஐப்பசி மழைக்கு முன் மொட்டை மாடியைப் பெருக்கி, குழியில் இருக்கும் ஜல்லியையும் மணலையும் எடுத்து அலசித் திரும்பக் கொட்ட, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். அதில் இறங்கும் தண்ணீர் உங்கள் காம்பவுண்டோடு நிற்காது. பக்கத்து வீட்டு 200 அடி போர்வெல்லுக்கும் கொஞ்சம் போய்ச் சேரும்.