உயரம் நல்ல சேதி அல்ல

முளைப்பாரி போடும் ஊர்க்காரர்களுக்கு இது பழகிய காட்சி. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முன், வெளிச்சம் நுழையாத அறையில் பெண்கள் பயறுகளை முளைக்கவிடுவார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் வெளிர்மஞ்சள் நிறத்தில் நெடுநெடுவென்று எழுந்து நிற்கும். எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு ஊர் செழிக்கும் என்பது நம்பிக்கை. ஊர்வலம் முடிந்ததும் ஆற்றிலோ குளத்திலோ கரைத்துவிடுவார்கள். அந்தப் பயிர் காய்க்க வேண்டியதில்லை. திருவிழாவரை நின்றால் போதும்.

தக்காளி நாற்று காய்த்தாக வேண்டும். அதையும் முளைப்பாரியைப் பார்க்கும் கண்ணோடு பார்ப்பதுதான் அடுக்குமாடி வீடுகளில் நாற்று விடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு.

எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்து அக்கா சென்ற ஆடியில் சமையலறை ஜன்னலோரம் குழித்தட்டில் தக்காளியும் கத்தரியும் விதைத்திருந்தார். "பாருங்க தம்பி, பத்தே நாள்ல எவ்வளவு உசரம் வந்துடுச்சு!" என்று கூப்பிட்டுக் காட்டினார். ஒவ்வொரு நாற்றும் நூலாக நீண்டு, கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம் பாதி நாற்றுகள் தண்டு மடங்கி விழுந்துவிட்டன. அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

மண்ணுக்கடியில் முளைக்கும் விதைக்கு ஒரே வேலைதான்: மேலே வந்து வெளிச்சத்தைத் தொடுவது. தொடும்வரை கையிருப்பு முழுவதையும் தண்டை நீட்டுவதில் செலவிடும். வெளிச்சம் பட்டதும் நீட்டுவதைக் குறைத்து, இலையை விரித்து, பச்சையத்தைக் கூட்டி, தண்டைத் தடிப்பாக்கும். மங்கலான அறையில் முளைத்த நாற்று, இன்னும் வெளிச்சத்துக்கு வந்து சேரவில்லை என்ற கணக்கில் நீண்டுகொண்டே போகிறது. பயறுக்குக் கையிருப்பு அதிகம், தாங்கும். தக்காளி விதையோ ஒரு கிராமுக்குச் சுமார் 300 இருக்கும். அத்தனை சிறிய விதையில் எத்தனை நாளுக்குச் சாப்பாடு இருந்துவிடும்?

ஆகவே நாற்றின் நுனியைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். மண்ணுக்கும் முதலில் விரியும் இரண்டு விதையிலைகளுக்கும் நடுவே உள்ள தண்டு, நல்ல வெயிலில் முளைத்த தக்காளியில் ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலத்தில் நின்றுவிடும். அது இரண்டரை, மூன்று அங்குலம் போயிருந்தால் வெளிச்சம் போதவில்லை. முளைத்த மூன்று நான்கு நாளிலேயே இது தெரிந்துவிடும். மற்ற அடையாளங்கள் பின்னால் வரும்: அடுத்து வரும் இலைகள் சிறுத்து வெளிறியிருக்கும், ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். உள்ளங்கையால் நாற்றுகளை மெல்லத் தடவிவிட்டும் பார்க்கலாம். உடனே நிமிர்ந்துகொண்டால் தண்டில் பலம் இருக்கிறது.

வெளிறலை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. தென்னை நார்க்கழிவில் மட்டும் வளரும் நாற்றுக்குத் தழைச்சத்துக் குறைந்தாலும் இலை மஞ்சளாகும். குட்டையாக நின்று மஞ்சளானால் பசி. நெடுத்து மஞ்சளானால் வெளிச்சக் குறை. நெருக்கி விதைத்தாலும் ஒன்றன் நிழலில் ஒன்று போட்டிபோட்டு நீளும் என்பதால் குழிக்கு ஒரு நாற்றுதான் இருக்க வேண்டும்.

ஜன்னல் பக்கம் சாய்வதையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் நாற்றுகளின் நுனிக்குக் குல்லாய் மாட்டிப் பார்த்தார்கள். நுனி மூடிய நாற்று வெளிச்சம் பார்த்து வளையவில்லை. 1880-இல் வந்த அவர்களின் நூலில் இது விரிவாக இருக்கிறது. வெளிச்சம் வரும் திசையை நுனி உணர்கிறது. எனவே சாய்வு நமக்குச் சொல்வது திசையை, அளவை அல்ல. வெளிச்சம் போதுமான அளவு இருந்தாலும் ஒரே பக்கமிருந்து வந்தால் நாற்று சாயும். தட்டைத் தினமும் திருப்பி வைத்தால் சாய்வு சரியாகும், வெளிச்சம் கூடாது.

அளவைச் சொல்ல நம் கண்ணாலும் ஆகாது. வெளிச்சத்துக்குத் தக்கபடி கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. தெளிந்த நண்பகலில் மொட்டைமாடியில் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். அறையின் நடுவில் சில நூறு லக்ஸ்தான். இரண்டு இடத்திலும் நாம் செய்தித்தாள் படிக்கிறோம், செடியால் இரண்டு இடத்திலும் சமைக்க முடியாது. 'நாற்றுக்கு நிழல் வேண்டும்' என்று கேள்விப்பட்டு வீட்டுக்குள் வைப்பவர்கள் உண்டு. நாற்றுப் பண்ணையில் கட்டும் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே நண்பகலில் ஐம்பதாயிரம் லக்ஸ் வரை இருக்கும். பண்ணைக்காரர் சொல்லும் நிழல் அது.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னையில் சித்திரையில் ஒருமுறையும் ஆவணித் தொடக்கத்தில் ஒருமுறையும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. ஜன்னலுக்கு மேலே சன்ஷேட் வேறு. ஆடிப்பட்டத்துக்கு நாற்றுவிடும் நாட்களில் தெற்கு ஜன்னலுக்குள் வெயில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கிழக்கிலும் மேற்கிலும் காலை மாலைச் சாய்வெயில் கிடைத்தால் உண்டு. அதே தெற்கு ஜன்னலில் மார்கழி, தையில் வெயில் தாராளமாக விழும். போன தையில் நன்றாக வந்த இடம் என்று நம்பி ஆடியில் அங்கேயே தட்டை வைத்து ஏமாறுவது இதனால்தான்.

கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் கிடைக்கின்றன. இலை மட்டத்தில் கைப்பேசியை மல்லாத்தி வைத்துப் பாருங்கள். துல்லியம் இருக்காது, ஆனால் ஓர் இடத்தோடு இன்னோர் இடத்தை ஒப்பிட உதவும். ஜன்னலை மட்டும் நம்பினால் ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். வழியில்லையென்றால் 20 வாட் வெள்ளை எல்இடி டியூப்லைட் இரண்டை, நாற்றுக்கு மேலே அரை அடிக்குள் தொங்கவிடலாம். இலை மட்டத்தில் பத்தாயிரம் லக்ஸ் காட்டினால் நல்லது. நாளைக்கு 15 மணி நேரம் எரிந்தாலும் 25 நாளுக்கு 15 யூனிட் மின்சாரம்தான் ஆகும். கூரையில் எரியும் விளக்கு இந்த வேலைக்கு உதவாது. எட்டடி உயரத்திலிருந்து அது தரும் வெளிச்சம் நமக்குத்தான் போதும்.

ஒருமுறை நீண்ட தண்டு திரும்பச் சுருங்காது. தக்காளியை மட்டும் விதையிலைவரை மண்ணில் புதைத்து நட்டுக் காப்பாற்றலாம், புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். கத்தரி, மிளகாயில் அதை நம்பிச் செய்யாதீர்கள். வீட்டுக்குள் வளர்ந்த நாற்றைச் சட்டென்று மொட்டைமாடி வெயிலுக்கும் தூக்காதீர்கள், இலை வெந்து வெளுத்துவிடும். ஒரு வாரம் பத்து நாள் சிறிது சிறிதாக வெயில் பழக்குங்கள்.

அளவுகோல், செயலி எதுவுமே வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. அடுத்த முறை விதைக்கும்போது அதே பொட்டலத்திலிருந்து நான்கு விதைகளை எடுத்து, ஒரு பழைய டம்ளரில் போட்டு மொட்டைமாடியில் வையுங்கள். மறக்காமல் தண்ணீர் தெளியுங்கள். பத்தாம் நாள் அந்த டம்ளரைக் கீழே கொண்டுவந்து, ஜன்னலோரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.