பகடையும் துணிவும்

தாயக்கட்டை உருட்டி வளர்ந்தவர்கள் நாம். மகர்பட்டாவில் என் பேரன் உருட்டுவதோ இருபது முகப் பகடை! கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்க, 1974இல் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டு அது.

ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். தாயத்தில் விழுந்த எண்ணைப் பார்த்தபின் காயை நகர்த்துகிறோம். இதிலோ செய்யப்போவதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது பலிக்குமா என்பதைத்தான் பகடை சொல்லும். ஒருவரை ஒருவர் வெல்வதில்லை; கூடிப் பேசித்தான் ஆபத்தைக் கடக்க வேண்டும்.

ரயில்வேயில் விபத்து மீட்பு ஒத்திகை நடத்துவோம், உண்மையில் நேரும்போது கை நடுங்காதிருக்க. இதுவும் வாழ்க்கைக்கு அப்படியோர் ஒத்திகைதான். விருந்தினர் வந்தால் அறைக்குள் ஒளியும் என் பேரன், படைத்தலைவனாகப் பேசும்போது தயங்குவதே இல்லை.

சென்ற மாதம், “தாத்தா, ஒரு ஆள் குறையுது, வாங்களேன்” என்றான். கிழ வைத்தியராக அமர்ந்தேன். என் மனைவி மறைந்தபின் மூன்று மணி நேரம் நான் வாய்விட்டுப் பேசிச் சிரித்தது அன்றுதான்.

அன்பர்களே, நம் சங்கத்திலும் ஞாயிறு மாலை ஒரு மேசை போட்டால் என்ன?