கட்டிப்போட யாருக்கு உரிமை?

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அப்போதும் நாட்டில் மனநலத்துக்கென்று ஒரு சட்டம் இருந்தது, 1987-இல் இயற்றியது. ஏட்டில் இருந்த அந்தச் சட்டம் ஒரு சங்கிலியைக்கூட அவிழ்க்கவில்லை.

இன்று நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். நோயாளிக்கு என்னென்ன உரிமை என்று இது பட்டியல் போட்டே சொல்கிறது. அந்த உரிமைகள் காப்பாற்றப்படுவதும் பறிபோவதும் பெரும்பாலும் செவிலியர் முன்னிலையில்தான். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விடுவார். இரவும் பகலும் வார்டில் நிற்பவர் சிஸ்டர்.

கையைக் கட்டும் முன்

சங்கிலிக்கு இப்போது எந்த வடிவிலும் இடமில்லை. தனியறையில் அடைத்துப் பூட்டுவதும் கூடாது. துணியாலோ பட்டையாலோ கட்டுவதற்கு மட்டும் ஒரு சிறு வழி உண்டு. நோயாளி தனக்கோ பிறருக்கோ உடனடியாகத் தீங்கு செய்துவிடுவார், தடுக்க வேறு வழியே இல்லை என்னும்போது, சிகிச்சை தரும் மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கட்டக் கூடாது என்று சட்டம் தனியாகவே சொல்கிறது. அதை எழுதியவர்களுக்கு நம் வார்டுகளை நன்றாகத் தெரிந்திருக்கிறது!

இரவு டியூட்டியில் வார்டு முழுவதற்கும் ஒரே நர்ஸைப் போட்டுவிட்டு, ‘ஏன் கட்டினாய்?’ என்று அவரை மட்டும் கேட்பது நியாயமில்லை. ஆள் போடாத நிர்வாகமும் அந்தக் கட்டுக்குப் பொறுப்பு. ஆனாலும் செவிலியர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கத்துகிறவர் முன்னால் குரலைத் தாழ்த்துவது, கதவை மறித்துக்கொண்டு நிற்காமல் சற்று விலகி நிற்பது, வேடிக்கை பார்ப்பவர்களை அப்புறப்படுத்துவது, ‘தண்ணி குடிக்கிறீங்களா?’ என்று கேட்பது. பல நேரம் இதிலேயே வேகம் தணிந்துவிடும்.

கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், மணிக்கட்டுக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். குப்புறப் படுக்க வைக்கக் கூடாது. முடிச்சு சட்டென்று அவிழ்வதாக இருக்க வேண்டும். விரல் நுனி நீலம் பாரிக்கிறதா, சில்லிடுகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். தண்ணீர் தர வேண்டும், சிறுநீர் கழிக்க வழி செய்ய வேண்டும். கட்டிய ஆளை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போக முடியாது. தொடர் கண்காணிப்பு சட்டப்படி கட்டாயம். ஏன் கட்டினோம், எப்போது கட்டினோம், எப்போது அவிழ்த்தோம் என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். நாளை விசாரணை வந்தால் நோயாளிக்கும் நர்ஸுக்கும் அந்த எழுத்துதான் சாட்சி.

சாம்பாரில் கலந்த மாத்திரை

‘சிஸ்டர், இவரு மாத்திரையைத் துப்பிடுறாரு. சாம்பார்ல கலந்து கொடுத்துடுங்களேன்.’ வீட்டார் இப்படிக் கேட்பது பாசத்தில்தான். ஆனால் சோற்றில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே சந்தேகப்படுகிற ஒருவருக்கு ஒருநாள் குழம்பில் மாத்திரைத் துணுக்கு தட்டுப்பட்டால் என்ன ஆகும்? மாத்திரையோடு சோறும் போகும், நர்ஸ் மேல் இருந்த நம்பிக்கையும் போகும்.

மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது. சொல்வது புரிகிறதா, எடுக்கும் முடிவின் விளைவு தெரிகிறதா, அதைப் பேசியோ சைகையாலோ தெரிவிக்க முடிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அவர் முடிவு நமக்குத் தப்பாகப் படுவது மட்டும் போதாது. தானாக வந்து சேர்ந்தவரின் சம்மதமில்லாமல் சிகிச்சை தர முடியாது. உயிருக்கு ஆபத்து போன்ற அவசரத்தில் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. மின் அதிர்வு சிகிச்சையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

மறுத்தால், மறுத்தார் என்று எழுதி டாக்டரிடம் சொல்வதே முறை. ஏன் மறுக்கிறார் என்று கேட்பது அதைவிட முக்கியம். கை நடுங்குகிறது, வாய் உலர்கிறது, எந்நேரமும் தூக்கம் என்று பதில் வரலாம். அதற்கு மருந்தையோ அளவையோ மாற்றிப் பார்க்க டாக்டரால் முடியும்.

வார்டுக்கு வெளியே போகும் பேச்சு

பெண் பார்க்க வந்த வீட்டார் விசாரிப்பார்கள், வேலை பார்க்கும் ஆபீஸிலிருந்து போன் வரும், பக்கத்து வீட்டுக்காரர் நலம் கேட்பதுபோல் கேட்பார். இவர்களில் யாருக்கும், ‘ஆமாம், இங்கேதான் இருக்கிறார்’ என்றுகூடச் சொல்லக் கூடாது. வார்டில் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் போனால் அதுவும் விதிமீறல்தான். ஒருவரைத் தாக்கப்போவதாக நோயாளி சொல்லி, அது நடந்துவிடும் என்ற நிலை இருந்தால், அந்த ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும் வெளியே சொல்லலாம்.

மொட்டையும் சீருடையும்

பேன் தொல்லை என்று சொல்லி எல்லோருக்கும் கட்டாய மொட்டை அடிப்பதற்குத் தடை உண்டு. நோயாளி விரும்பினால் சொந்த உடை உடுத்தலாம். வேலை செய்யச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. செய்தால் கூலி தர வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய்க்கான பொருள்கள் தர வேண்டியது மருத்துவமனையின் கடமை.

வீட்டார் கவனத்துக்கு

உங்கள் வீட்டு ஆளைக் கட்டிவைத்தார்கள் என்றால், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்குள் அவருடைய நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, தகவல் வர வேண்டும். வரவில்லையா, கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் முதலில் மருத்துவமனைப் பொறுப்பாளரிடமும், பிறகு மனநல மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம். இலவசச் சட்ட உதவியும் உண்டு. இந்தச் சட்டத்தை மீறினால் முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம்.